உரையாடல் பத்தியில் மதிப்பெண் ஒழுகும் இடங்கள்: அறிகுறி பார்த்து அடைக்கும் வழி

திருத்திய தமிழ்த்தாளை என் மேசையில் வைத்துவிட்டு அம்மாக்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “எல்லாம் படிக்கிறான் சார், பத்தியிலதான் கோட்டை விடுறான்.” படித்துப் பார்த்து வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லிக் கொடுக்கும் பத்தியைத்தான் சொல்கிறார்கள். எந்தப் பத்தி என்று பிரித்துப் பார்த்தால், கட்டுரை போல நேராக ஓடும் பத்தியில் பழுது இருக்காது. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பத்தியில்தான் இருக்கும். கட்டுரைப் பத்தியில் வினாவில் உள்ள சொல்லைத் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே இறக்கிவைத்தால் பாதி விடை வந்துவிடும். உரையாடலில் அந்த வித்தை பலிக்காது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறேன். கடலூர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அங்கே அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன, இங்கே மாநிலப் பாடத்திட்டம். தாள் வேறு வேறு. பழுது மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே.

முதலில் ஒரு சோதனை. இது நானே எழுதி வைத்திருக்கும் பத்தி. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்காக எழுதியது, இப்போது எல்லோருக்கும் இதைத்தான் கொடுக்கிறேன்.

“படகெல்லாம் கரையேறிவிட்டதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் மாணிக்கம்.

“அப்பாவின் படகு இன்னும் வரவில்லை.”

“நீ ஏன் இந்த இருட்டில் நிற்கிறாய்?” அவர் மணலில் உட்கார்ந்தார். “வீட்டில் அம்மா தேடமாட்டார்களா?”

“அம்மாவும் இங்கேதான் நிற்கிறார், மாமா.”

“சரி, வாருங்கள். நாம் எல்லோரும் வீட்டுக்குப் போவோம். டீசல் தீர்ந்து எங்காவது நங்கூரம் போட்டிருப்பான். விடிந்ததும் வந்துவிடுவான்.”

“நேற்றும் இதைத்தானே சொன்னீர்கள்? நீங்கள் போங்கள். நாங்கள் அப்புறம் வருகிறோம்.”

மாணிக்கம் எழுந்திருக்கவில்லை.

பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். படித்து முடித்ததும் ஐந்து வினா கேளுங்கள். டீசல் தீர்ந்திருக்கும் என்றது யார்? “நாங்கள்” என்றால் யார் யார்? அப்பா எப்போதிலிருந்து வரவில்லை? மாணிக்கம் சொன்னதைப் பிள்ளை நம்பியதா? அப்பா ஏன் வரவில்லை?

முதல் வினாவில் தப்பினால் அறிகுறி 1. இரண்டாவதில் என்றால் 2. மூன்றும் நான்கும் தப்பினால் 3. ஐந்தாவதில் என்றால் 4. ஐந்தும் வாயால் சரியாகச் சொல்லியும் தாளில் மதிப்பெண் வரவில்லை என்றால் நேராக 5-க்குப் போங்கள். படிக்கும்போதே வரி தாண்டினாலோ எழுத்து இடறினாலோ இவை எதுவும் வேண்டாம், கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

அறிகுறி 1: யார் பேசியது என்பது மாறிப்போகிறது

மூன்றாவது வரியைப் பாருங்கள். மேற்கோள் குறி மூடுகிறது, “அவர் மணலில் உட்கார்ந்தார்” என்று ஒரு சொற்றொடர் வருகிறது, மறுபடி மேற்கோள் குறி திறக்கிறது. இரண்டு மேற்கோளும் மாணிக்கத்தின் பேச்சுதான். ஆனால் குறி மூடித் திறந்தாலே ஆள் மாறிவிட்டது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். “வீட்டில் அம்மா தேடமாட்டார்களா” என்பதைப் பிள்ளையின் வாயில் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லாப் பேச்சும் ஒரு படி தள்ளிப் போகும். டீசல் கதையைச் சொன்னது பிள்ளை என்று எழுதுவார்கள். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டால் கீழே எல்லாம் மாறிப்போகுமே, அதேதான்.

சரிசெய்ய ஒரு பென்சில் போதும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பேசுபவரின் முதலெழுத்தை எழுதச் சொல்லுங்கள்: மா, பி, மா, பி. ஆள் மாறுவது புது வரி தொடங்கும்போது. ஒரே வரிக்குள் குறி எத்தனை முறை திறந்தாலும் ஆள் ஒருவர்தான். பத்து நாள் பழகினால் போதும். வினாத்தாளில் எதுவும் எழுதக் கூடாது என்று அறைக் கண்காணிப்பாளர் சொன்னால், இடக்கையில் கட்டைவிரலை மாணிக்கமாகவும் சுட்டுவிரலைப் பிள்ளையாகவும் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றித் தட்டிக்கொண்டே படிக்கலாம். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

எழுத்துப் போட்டும் தப்பினால் விளிச்சொல்லைப் பாருங்கள். “அம்மாவும் இங்கேதான் நிற்கிறார், மாமா” என்ற வரியில் “மாமா” இருப்பதால், அதைச் சொன்னது மாமா என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. வரிக்குள் கூப்பிடப்படுபவர் கேட்கிறவர், பேசுகிறவர் அல்ல. இதை ஒருமுறை வீட்டிலேயே நடித்துக் காட்டினால் தீர்ந்தது. மூன்று பேர் பேசும் பத்தியில் மாற்றி மாற்றி எண்ணும் முறை உதவாது. அங்கே விளிச்சொல்தான் துணை.

நாடக வடிவில், பெயர் போட்டுப் பக்கத்தில் பேச்சு வந்தால் இந்தக் குழப்பமே இருக்காது என்று நினைப்போம். அங்கே வேறு பழுது. பெயரையும், அடைப்புக்குறிக்குள் வரும் “தயங்கியபடி”, “சிரித்துக்கொண்டே” போன்றவற்றையும் கண் தாண்டிவிடுகிறது. வாய்விட்டுப் படிக்கும்போது அவற்றையும் சேர்த்துப் படிக்கிறார்களா என்று கவனியுங்கள்.

அறிகுறி 2: அவன், இது, நாங்கள் யாரைக் குறிக்கிறது என்று தெரியவில்லை

நம் மொழியில் நாம் வேறு, நாங்கள் வேறு. “நாம் போவோம்” என்றால் கேட்கிறவரும் உள்ளே. “நாங்கள் வருகிறோம்” என்றால் கேட்கிறவர் வெளியே. மாணிக்கம் “நாம் எல்லோரும்” என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். பிள்ளை “நாங்கள்” என்று அவரை வெளியே நிறுத்திவிட்டு அம்மாவைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த ஒரு சொல்லில்தான் இரண்டு மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காது மெல்ல மந்தமாகிறது என்பது என் அபிப்பிராயம். வீட்டில் பேசும்போது இதைச் சரியாகவே பேசுவார்கள், பத்தியில் பார்த்தால்தான் பிடிபடாது.

சோதனை எளிது. சுட்டுச் சொல்லை எடுத்துவிட்டுப் பெயரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். “நங்கூரம் போட்டிருப்பான்” என்பதில் “அப்பா நங்கூரம் போட்டிருப்பார்” பொருந்துகிறதா? பொருந்துகிறது. “இதைத்தானே சொன்னீர்கள்” என்பதில் “இது” எது? முந்தின பேச்சை முழுதாக அங்கே வைத்துப் பார்த்தால், விடிந்ததும் வந்துவிடுவான் என்ற ஆறுதல் என்று தெரியும். சுட்டுச் சொல்லுக்கு உரியது பெரும்பாலும் முந்தின ஆளின் வரியில் இருக்கும். அதே ஆளின் வரியில் தேடினால் அகப்படாது.

இந்தத் தலைப்பில் இன்னொரு ஒழுகலும் உண்டு. மாணிக்கம் யார் என்று கேட்டால் “பிள்ளையின் தாய்மாமன்” என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் பால்காரரும் மாமா, பஸ் கண்டக்டரும் மாமா. “பிள்ளை மாமா என்று அழைக்கும் ஒருவர்” என்பதோடு நிறுத்த வேண்டும். அப்பாவை அவன் இவன் என்று பேசுவதால் நெருக்கமானவர் என்றும் சேர்க்கலாம், அதற்குப் பத்தியில் சான்று இருக்கிறது. இன்னொன்று: கரையில் நிற்கும் பிள்ளை ஆணா பெண்ணா? என்னிடம் எழுதியவர்களில் பெரும்பாலோர் “மகன்” என்றே எழுதினார்கள். பத்தி அதைச் சொல்லவே இல்லை.

அறிகுறி 3: “விடையே பத்தியில் இல்லை சார்”

அதிகமாக வரும் பழுது இது. சரிசெய்ய நாளாகும் பழுதும் இதுதான்.

மனிதர்கள் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது குறைவு. அம்மா தேடமாட்டார்களா என்று கேட்டால் ஆம் இல்லை என்று சொல்லாமல், அம்மாவும் இங்கேதான் நிற்கிறார் என்கிறது பிள்ளை. அம்மா தேடுவாரா என்று வினா வந்தால், தேடமாட்டார் என்ற சொல்லைப் பத்தி முழுக்கத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

முதல் சோதனை: மறைமுகமான பதிலுக்கு முன்னால் “ஆமாம்” அல்லது “இல்லை” என்று ஒரு சொல்லை ஒட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எது ஒட்டுகிறதோ அதுதான் பதில். “டியூஷனுக்கு வருகிறாயா?” “காய்ச்சல் வந்துவிட்டது.” இங்கே “இல்லை” ஒட்டும். “வருவாயா?” “வராமல் இருப்பேனா?” “ஆமாம்” ஒட்டும். “மழையில் விளையாடலாமா?” “சளி பிடிக்கும்.” “வேண்டாம்” ஒட்டும். “சைக்கிள் ஓட்டத் தெரியுமா?” “நீந்தத் தெரியும்.” பாவம், “இல்லை.”

இவற்றுக்கு இலக்கணத்தில் பெயரே உண்டு. பத்தாம் வகுப்பில் விடை வகைகள் 8 என்று மனப்பாடம் செய்கிறார்களே: சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையான விடைகள், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. இலக்கண வினாவில் எட்டையும் ஒப்பிக்கும் பிள்ளை, அதே தாளில் பத்திப் பகுதியில் “காய்ச்சல் வந்துவிட்டது” என்பதைப் பார்த்து விழிக்கும். இரண்டும் ஒரே சங்கதி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. சொல்லிக்கொடுத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அது போலவே வினாவும். “வீட்டில் அம்மா தேடமாட்டார்களா?” என்று மாணிக்கம் தகவல் கேட்கவில்லை, வீட்டுக்குப் போ என்கிறார். “கதவைச் சாத்தமாட்டாயா?” என்று உங்கள் வீட்டில் கேட்டால் பிள்ளை எழுந்து போய்ச் சாத்துகிறது அல்லவா? அந்த அறிவு அதற்கு இருக்கிறது. பத்தியைப் பார்த்ததும் கழற்றி வைத்துவிடுகிறது.

இரண்டாவது சோதனை, இடைச்சொற்கள். பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள்: உம், தான், தானே, ஏ, ஓ, கூட. “நேற்றும்” என்பதில் உம்மைக் கைவைத்து மறைத்துவிட்டுப் படியுங்கள். “நேற்று இதைத்தானே சொன்னீர்கள்?” அப்பா முந்தைய நாளிலிருந்தே வரவில்லை என்பது அப்போதும் ஊகமாகக் கிடைக்கும். உம்மைத் திறந்து வையுங்கள். நேற்று சொன்னதை இன்றும் சொல்கிறார், நேற்று சொன்னபடி விடிந்தபோது வரவில்லை, இனி விடிந்தாலும் என்ன உறுதி என்கிற அத்தனையும் அதற்குள் இருக்கிறது. “தானே” சேர்ந்ததும் நம்பிக்கை போய்விட்டது என்பதும் தெரிகிறது. நான்காம் வினாவுக்கு இதுவே விடை: நம்பவில்லை, நேற்றும் இதையே சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்டதிலிருந்து தெரிகிறது.

கடைசி வரியான “மாணிக்கம் எழுந்திருக்கவில்லை” பேச்சே அல்ல என்பதால் பலர் அதைப் படிப்பதே இல்லை. எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டவர், நீங்கள் போங்கள் என்று சொன்ன பிறகும் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? மேற்கோளுக்கு வெளியே ஒரு வரி வந்தால் அதில் ஒரு வினா ஒளிந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு சோதனையையும் ஒரு மாதம், தினம் ஒரு சிறு பத்தி என்று செய்தும் அசையவில்லை என்றால் காரணம் தாளில் இல்லை. பிள்ளை கதை கேட்டதும் படித்ததும் குறைவு. அதற்கு மாத்திரை கிடையாது. இரவில் பத்து நிமிடம் ஒரு சிறுகதையை நீங்கள் வாசிக்க, அது கேட்க வேண்டும். பணச் செலவில்லாத வழிதான், ஆனால் உங்கள் நேரம் போகும்.

அறிகுறி 4: பத்தியில் இல்லாததை எழுதிவைக்கிறான்

மூன்றுக்கு நேரெதிர். அப்பா ஏன் வரவில்லை? “டீசல் தீர்ந்ததால்” என்று பாதிப் பேர். “புயலில் சிக்கியதால்” என்று மீதிப் பேர். பத்தி காரணமே சொல்லவில்லை.

டீசல்காரர்களுக்கு: வினைச்சொல்லின் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். “போட்டிருப்பான்” என்பது ஊகம், “போட்டிருக்கிறான்” என்றால்தான் செய்தி. அது போல “வந்தானாம்” என்றால் யாரோ சொல்லிக் கேட்டது. ஒருவேளை, போல, இருக்கும் ஆகியவற்றைக் கண்டால் “என்று மாணிக்கம் ஊகிக்கிறார்” என்று எழுதினால் முழு மதிப்பெண்.

புயல்காரர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. 2004 சுனாமி கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கரை கடந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள், 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது வெள்ளத்தைத் தாமே பார்த்தவர்கள். கடற்கரைப் பிள்ளை ஒருத்தி இந்த வினாவுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தாள். வலை, இன்ஜின், காற்று, அவள் சித்தப்பா திரும்பி வந்த நாள், எல்லாம் இருந்தது. படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சுழியம்தான் போட்டேன். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் வரி எண் எழுதச் சொன்னேன்; வரி எண் கிடைக்காத விடையை அடித்துவிட வேண்டும். அவளுக்கு இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்து, கட்டுரைப் பயிற்சிக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தேன்.

அறிகுறி 5: விடை தெரிகிறது, ஆனால் அரை மதிப்பெண்தான்

தாளை எடுத்துப் பாருங்கள். பிள்ளை என்ன சொன்னது என்ற வினாவுக்கு, “நாங்கள் அப்புறம் வருகிறோம்” என்று அப்படியே எழுதியிருக்கும். திருத்துபவருக்கு யார் வருகிறார்கள் என்றே தெரியாது. நேர்கூற்றை (பேசியவர் சொன்னபடியே இருப்பது) அயற்கூற்றாக (இன்னொருவர் எடுத்துச் சொல்வது) மாற்றத் தெரியாத பழுது இது. இலக்கணப் பகுதியில் மாற்றுவார்கள், இங்கே மறந்துவிடுவார்கள்.

நான் என்பது தான் ஆகும், நாங்கள் என்பது தாங்கள், இது என்பது அது, இங்கே என்பது அங்கே, இன்று என்பது அன்று, நாளை என்பது மறுநாள், நேற்று என்பது முந்தைய நாள். முடிவில் “என்று” போய் “ஆக” வரும்: தாங்கள் அப்புறம் வருவதாகப் பிள்ளை கூறியது. ஆமாம், இல்லை என்று பதில் வரும் வினாவாக இருந்தால் “ஆ” என்று முடிந்து “என வினவினார்” வரும். சாப்பாட்டு நேரத்தில் பழக்குங்கள். “அப்பா போனில் என்ன சொன்னார்?” என்று கேட்டு, “நான் லேட்டா வரேன்” என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அயற்கூற்றில் வந்தால்தான் அடுத்த தோசை.

அறிகுறி 6: பேச்சு வழக்கு வந்தால் நின்றுவிடுகிறான்

“வெள்ளன வந்துட்டாக” (சீக்கிரமே வந்துவிட்டார்கள்), “பைய நட” (மெதுவாக நட) என்று தெற்கத்திப் பேச்சு வந்தால் கடலூர்ப் பிள்ளைக்கு ஒன்றும் ஓடாது. அகராதியைப் புரட்ட வேண்டாம். பத்தியை வேகமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். அப்படியும் ஒரு சொல் நின்றால் அதைத் தாண்டிப் போய், பதில் சொல்பவரின் வரியிலிருந்து பொருளைப் பிடிக்கலாம். விடையை மட்டும் எழுத்து வழக்கில் எழுத வேண்டும்.

அறிகுறி 7: ஆங்கிலத் தாளில் ஆமாம், இல்லை தலைகீழாகிறது

தமிழில் “நீ சாப்பிடவில்லையா?” என்று கேட்டால், சாப்பிடாதவன் “ஆமாம், சாப்பிடவில்லை” என்றும் சொல்லலாம், “இல்லை” என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் சாப்பிடாதவன் “நோ” மட்டும்தான் சொல்வான். “எஸ்” என்றால் சாப்பிட்டுவிட்டான். ஆங்கில உரையாடலில் எதிர்மறை வினாவுக்குப் பதிலாக “எஸ்” வந்தால் நம் பிள்ளைகள் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதனால்தான். வினாவிலுள்ள எதிர்மறையை மறந்துவிடச் சொல்லுங்கள். காரியம் நடந்திருந்தால் எஸ், நடக்கவில்லை என்றால் நோ, அவ்வளவுதான்.

அறிகுறி 8: நேரம் போதவில்லை

மாநிலப் பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். சிபிஎஸ்இ-யில் படிக்க 15 நிமிடம். அந்த நேரத்தில் முதலில் தொடவேண்டியது உரையாடல் பத்தி. மற்றவற்றை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். வினாக்களை முன்கூட்டியே படித்துவிட்டுப் பத்திக்கு வருவது நல்லதா என்று கேட்பார்கள். உரையாடலுக்கு எனக்கு அதில் உடன்பாடில்லை. வினாவைத் தேடிப் படித்தால் பேசும் ஆள் கைநழுவிப் போகிறான்.

எப்போது வெளியாளிடம் போக வேண்டும்

வாய்விட்டுப் படிக்கும்போது வரி தாண்டினால், புத்தகத்தை மூக்கருகே வைத்தால், பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினால், டியூஷனை நிறுத்திவிட்டுக் கண்ணைக் காட்டுங்கள். மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கண்ணாடி போட்ட மறுவாரமே “யார் பேசியது” சரியான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கண் சரியாக இருந்தும், நீங்கள் படித்துக்காட்டினால் ஐந்து வினாவுக்கும் சரியாகப் பதில் சொல்லி, தானே படித்தால் ஒன்றும் விளங்காத பிள்ளை என்றால், இது புரிதலில் உள்ள பழுது அல்ல, எழுத்தைப் படிப்பதில் உள்ள பழுது. எழுத்துகள் இடம் மாறுவதும், ஐந்தாம் வகுப்புக்கு மேலும் எழுத்துக்கூட்டியே படிப்பதும் கூட இருந்தால் டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது நானோ பள்ளி ஆசிரியரோ அல்ல, குழந்தை மனநல மருத்துவரும் உளவியலாளரும். புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. நீங்கள் படித்துக்காட்டியும் புரியவில்லை, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால் முதலில் காதைச் சோதியுங்கள்.

கற்றல் குறைபாடு என்று சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் கைக்கு வந்த பிறகு அலைந்தால் நடக்காது, ஜூனில் பள்ளி திறந்ததுமே போய்ப் பேசிவிடுங்கள்.